ஒரு சுற்றுக்கு இரண்டு பந்து

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு. என் மனைவி வீட்டு வரவு செலவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பால், மளிகை, பெட்ரோல், மகனின் டியூஷன் என்று எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"என்னங்க, போன மாசம்தானே ஒரு டஜன் பந்து வாங்கினீங்க? இந்த மாசம் மறுபடியும் ரெண்டு டஜன் இருக்கே. எல்லாம் எங்க போகுது?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு எழுத வேண்டும், அதற்காகக் கேட்டாள். ஆனால் என்னிடம் பதில் இல்லை. எழுந்து போய் கோல்ஃப் பையைத் திறந்து, பக்கப் பைகளில் கிடந்ததை எல்லாம் எண்ணினேன். அந்த மாதம் ஆடியது ஐந்து சுற்று. காணாமல் போனது 23 பந்து. சுற்றுக்கு நான்கரைக்கும் மேல்.

அவள் அந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று ஆண்டுகளாக ஜனவரி முதல் தேதியில் டைரியில் ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தேன்: "இந்த ஆண்டு 90-க்குள் ஆட வேண்டும்." அதாவது பதினெட்டு குழிகள் கொண்ட ஒரு சுற்றை 90 அடிகளுக்குள் முடிக்க வேண்டும்; கோல்ஃபில் எண் குறைந்தால்தான் நல்லது. மூன்று ஆண்டுகளும் நூறுக்கும் நூற்று ஐந்துக்கும் நடுவிலேயே நின்றேன். பயிற்சியைக் குறைக்கவில்லை, வீடியோ பார்க்காத நாள் இல்லை, பந்தை அடிக்கும் கிளப்பைக்கூட மாற்றினேன். அவ்வளவுக்கும் நடுவில், ஒரு சுற்றில் எத்தனை பந்து தொலைக்கிறேன் என்ற எளிய எண் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் கோல்ஃப் ஆட வந்தது 42 வயதில். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை. எங்களோடு வியாபாரம் செய்யும் நிறுவனங்களில் ஜப்பானியர்களும் கொரியர்களும் அதிகம். சனி, ஞாயிறு வந்தால் அவர்களில் பலர் கோல்ஃப் மைதானத்தில்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அழைத்தார் என்று நந்தனத்தில் இருக்கும் டிரைவிங் ரேஞ்சுக்குப் போனேன். ஒரு வாளி பந்து வாங்கி அடித்ததில் முக்கால்வாசி தரையோடு உருண்டன. இரண்டோ மூன்றோ மட்டும் எழும்பிப் பறந்தன. அப்புறம் நான் அந்த வாளியை விடவில்லை.

90 என்ற எண்ணுக்கு நம் மாதிரி ஆட்டக்காரர்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்திருக்கும் கணக்குதான் பார்; அதைவிட ஒன்று கூடினால் போகி. பார் 72 மைதானத்தில் பதினெட்டு குழியிலும் குழிக்கொரு போகி போட்டால் சரியாக 90. "நான் போகி ஆட்டக்காரன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு நானும் ஆசைப்பட்டேன், அதில் தப்பில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரேஞ்சில் போய் நின்றால் 90 என்ற எண் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. எந்தக் கிளப்பை எடுக்கவேண்டும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு அதில் எந்தக் குறிப்பும் இல்லை. அதனால் கை தானாக, மிக அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவருக்குப் போகும். ஐம்பது பந்தில் நாற்பதை டிரைவரால் அடித்துவிட்டு, நன்றாகப் போன ஆறேழை மனத்தில் வைத்துக்கொண்டு அலுவலகம் போவேன்.

மைதானத்தில் இன்னும் மோசம். ஆறாவது குழி முடிவதற்குள் 90 கைநழுவியது தெரிந்துவிடும். மீதிப் பன்னிரண்டு குழிகளுக்கு என்னிடம் இலக்கே கிடையாது. வெயிலில் நடப்பேன், அடிப்பேன், அவ்வளவுதான். ஸ்கோரை மட்டும் இலக்காக வைத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: அது காலை ஏழு மணிக்கே செத்துப்போகிறது, ஆட்டமோ பத்து மணி வரை இருக்கிறது.

அந்த ஏப்ரல் இரவுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை 104 ஆடினேன். வீட்டுக்கு வந்து குளித்ததும் ஒரு நோட்டை எடுத்து, பதினெட்டு குழிகளையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். ஆடிவிட்டு வந்த அன்றைக்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு அடியும் நினைவில் இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

104 என்றால் பாருக்கு மேல் 32. அந்த 32 எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தேன். எல்லைக்கு வெளியே போனதும் கிடைக்காமல் போனதுமாக மூன்று பந்து. விதிப்படி அதற்கு ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி) அபராதம், அதோடு அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். ஆக ஒவ்வொன்றும் இரண்டு ஸ்ட்ரோக்கைத் தின்றுவிடும். அது ஆறு. தண்ணீரில் ஒன்று, அதற்கு ஒரு ஸ்ட்ரோக். கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில், மூன்று பட் (பந்தை உருட்டும் அடி) போட்ட குழிகள் ஆறு; இரண்டே போதும் என்பதால் அதில் ஆறு ஸ்ட்ரோக். கிரீனின் ஓரத்தில் நின்று சிப் (கிரீனுக்குள் சின்னதாகத் தட்டும் அடி) செய்யப் போய், பந்து கிரீனுக்கே வராமல் பாதியில் நின்றது ஐந்து முறை. மணல் பள்ளமான பங்கரிலிருந்து அடித்து மறுபடி பங்கருக்குள்ளேயே விழுந்தது இரண்டு. கூட்டினால் 20.

அந்த 20 எதற்கும் ஒரு நல்ல ஷாட் தேவைப்பட்டிருக்காது. மோசமாக ஆகாமல் இருந்திருந்தாலே போதும். இருபதையும் காப்பாற்றினால் 84, அது நடக்காது. பாதியைக் காப்பாற்றினாலே 94. ஸ்விங் அப்படியே இருக்க, எந்தப் புதுத் திறமையும் வராமல், 94. மூன்று ஆண்டுகள் வீடியோவில் ஸ்விங்கைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கூட்டல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதினேன்: "ஒரு சுற்றுக்கு இரண்டு பந்துக்கு மேல் தொலைக்கக் கூடாது." ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இப்படி ஒரு இலக்கை வைத்துக்கொண்டதும் அது உடனே பேச ஆரம்பித்துவிட்டது. குழியை ஆட ஆரம்பிக்கும் இடமான டீயில் நிற்கும்போதே ஒரு கேள்வி வரும்: இந்தக் குழியில் பந்து தொலையும் பக்கம் எது? என் பந்துகள் வலப்பக்கம்தான் போகும். வலது கைக்காரர்களில் புதிதாகப் பழகுகிற முக்கால்வாசிப் பேருக்கு வருகிற அதே ஸ்லைஸ். பந்தில் படும் நேரத்தில் கிளப்பின் முகம், கிளப் வரும் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து பக்கவாட்டில் சுழன்று வளையும். டிரைவரின் முகம் அதிகம் சாய்வில்லாதது, அதனால் அந்தப் பக்கச் சுழற்சி முழுதாகத் தெரியும். அதே ஸ்விங்கில், முகம் அதிகம் சாய்ந்த செவன் அயர்ன் கிளப்பால் அடித்தால் முகத்தின் சாய்வு பந்தை மேலே தூக்கிப் பின்சுழற்சி கொடுப்பதால் வளைவு குறைந்துவிடுகிறது. இது எனக்குக் கோச் முதல் மாதமே சொன்னதுதான். கேட்டுக்கொண்டேன், ஆனால் டிரைவரைப் பையிலிருந்து எடுக்காமல் இருக்க மட்டும் எனக்குக் காரணம் இருந்ததில்லை. இப்போது இருந்தது.

வழக்கமாக என் பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன், முப்பது வருடமாக அந்த மைதானத்தில் நடப்பவர். நான் மூன்றாவது குழியில் டிரைவரைத் தொடாமல் நின்றதைப் பார்த்து, "சார், இன்னிக்கு என்ன பிளான்?" என்றார். "பந்து தொலையக் கூடாதுண்ணே, அவ்ளோதான்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஃபைவ் அயர்னை உருவிக் கையில் கொடுத்தார். "அப்ப இத அடிங்க. அந்த மரத்துக்கு இந்தாண்ட நிக்கும். ரெண்டாவது அடியில பாத்துக்கலாம்." இதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை அவர் மனத்தில் இது இருந்திருக்கும். நான் கேட்டால்தானே சொல்ல முடியும்.

அன்று தொலைத்தது மூன்று. அடுத்த வாரம் இரண்டு. மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்தில் சராசரி இரண்டுக்கு வந்து நின்றது. ஸ்கோரும் தானாக 98, 99 பக்கம் இறங்கியிருந்தது. கத்திரி வெயிலில் நிலம் காய்ந்து கெட்டியாகக் கிடக்கும், அயர்னில் அடித்த பந்தும் இருபது கஜம் கூடுதலாக உருளும். அதுவும் எனக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்கிறேன், நூறுக்குக் கீழே வர முடியாமல் தவிப்பவர்களுக்கு உதவும். பார் 72 மைதானத்தில் ஒன்பது போகி, ஒன்பது டபுள் போகி (பாருக்கு மேல் இரண்டு) போட்டால் மொத்தம் 99. ஒரு பார்கூட வேண்டாம். நூறுக்குள் வர நினைப்பவர்கள் பார் எடுக்கப் போய்த்தான் எட்டும் ஒன்பதும் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

பட்டிங்கில் எனக்கு வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே என் இலக்கு தப்பாகவே இருந்தது. எட்டடியிலிருந்து போட்ட பட் விழாவிட்டால் எனக்குள் எரிச்சல் பொங்கும். தொலைக்காட்சியில் எல்லோரும் போட்டுவிடுகிறார்களே! ஆனால் நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது அந்த வாரம் மிக நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேரை மட்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் பதிவான லட்சக்கணக்கான ஷாட்களை வைத்து ஆராய்ந்தவர். ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு ஸ்ட்ரோக் மிச்சம் பிடிக்கிறது என்று அளக்கும் அவருடைய முறையைப் பட்டிங்குக்கு 2011-இல் டூரே ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிதான் போடுகிறார்கள். பத்தடியில் 40 சதவீதம். இருபதடியில் ஏழுக்கு ஒன்றுதான். 90 பக்கம் ஆடுகிறவர்களுக்கு அந்தப் பாதிக்குப் பாதி என்பது ஐந்தடியிலேயே வந்துவிடுகிறது.

ஐந்தடி! என் பட்டரின் நீளம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏறத்தாழ இரண்டு பட்டர் நீளம் தாண்டினால் எனக்கு விழுவதும் விழாததும் சமம். இதைப் படித்த நாளிலிருந்து எட்டடிப் பட் தப்பினால் எனக்குக் கோபம் வருவதில்லை, நிஜமாகவே வருவதில்லை.

பிராடியின் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் இடையில் இருக்கும் ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் உருவாகிறதாம். பட்டிங்கில்தான் ஆட்டமே இருக்கிறது என்று கிளப்பில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு இது அதிர்ச்சி. ஆனால் என் 104-ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொலைந்த பந்துகளில் போன ஏழு, எந்தத் தலைப்பிலும் அடங்காமல் தூரத்து ஷாட்களில் கசிந்த பன்னிரண்டு. 32-இல் 19. என் நோட்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

அப்படியானால் பட்டிங்கை விட்டுவிடலாமா என்றால், இல்லை. ஆறு முறை மூன்று பட் போடுகிறவனுக்கு அங்கே நான்கு ஸ்ட்ரோக் சுலபமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. முதலில் "மூன்று பட்டே கூடாது" என்று எழுதினேன், இரண்டாவது கிரீனிலேயே உடைந்தது. உடைந்ததும் ஸ்கோர் இலக்குக்கு நடந்த அதே கதைதான், மீதிச் சுற்றுக்கு அக்கறை போய்விட்டது. அந்த வரியை அடித்துவிட்டு, "மூன்று பட் நான்கு முறைக்கு மேல் கூடாது" என்று எழுதினேன். இதற்குள் இருந்துகொண்டு தப்பலாம், தப்பிய பிறகும் மிச்சம் இருக்கும்.

பயிற்சி மிகச் சாதாரணம். முப்பதடி தூரத்திலிருந்து பத்துப் பந்து. குழியைச் சுற்றிச் சுமார் மூன்றடியில், நான்கு டீக்களை (பந்தை வைத்து அடிக்கும் சிறு குச்சிகளை) குத்தி வைத்துவிடுவேன். பந்து குழியில் விழ வேண்டாம், அந்த வட்டத்துக்குள் நின்றால் போதும். முதல் வாரம் பத்தில் மூன்று. வேகத்தைக் கணிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர் கிரீன்களில் அது இன்னும் கஷ்டம். காலை ஆறு மணிக்குப் பனி ஈரத்தில் பந்து இழுத்துக்கொண்டு நிற்கும், ஒன்பது மணிக்கு அதே கிரீன் காய்ந்து பந்தை வழுக்கிக்கொண்டு போகவிடும். பெர்முடா புல்லுக்குச் சாய்வு வேறு உண்டு. புல் படுத்திருக்கும் திசையில் உருட்டினால் ஓடும், எதிர்த்து உருட்டினால் முக்கும். காலைச் சுற்றின் முதல் ஒன்பதில் பழகிய வேகத்தைப் பின் ஒன்பதுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்கு இந்த நோட்டில்தான் தெரிந்தது. மூன்று பட் போட்ட குழி எண்களை எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் பன்னிரண்டாவது குழிக்குப் பிறகு வந்திருந்தன. அத்தனையும் குழியைத் தாண்டி ஓடியவை.

இனி ஹேண்டிகேப், அதாவது ஒருவரின் தரத்தைப் பாருக்கு மேல் இத்தனை அடி என்று சொல்லும் எண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் என்னைப் போல நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மனம் நொந்துபோவதைப் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் என் ஹேண்டிகேப் கணக்குப்படி நான் ஆட வேண்டியது ஏறக்குறைய 95. நான் ஆடிக்கொண்டிருந்ததோ சராசரி 99. மாதத்தில் நான்கு சுற்றில் மூன்றில் "என் தரத்துக்குக் கீழே ஆடிவிட்டேன்" என்ற உணர்வோடு கார் ஏறினேன். ஒரு நாள் கிளப் அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்த எண் எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறைதான். கடைசியாக ஆடிய 20 சுற்றுகளை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் கடினத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு ஸ்கோரையும் சரிசெய்து, அவற்றில் மிகச் சிறந்த எட்டின் சராசரியைப் போடுகிறார்கள். மற்ற பன்னிரண்டும் அந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை.

அதாவது ஹேண்டிகேப் என்பது என் சராசரி ஆட்டம் கிடையாது. நன்றாக ஆடும் நாளில் நான் யார் என்பதை அது சொல்கிறது. நான்கைந்து சுற்றுக்கு ஒரு முறைதான் ஒருவர் தன் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடுவார் என்பதே அதன் எதிர்பார்ப்பு. மற்ற நாட்களில் இரண்டு முதல் நான்கு ஸ்ட்ரோக் கூடுதலாக வருவது இயல்பு. நான் தோற்றதாக நினைத்த மூன்று வாரமும் கணக்குப்படி சரியாகவே ஆடியிருக்கிறேன். இதை யாராவது முதல் வருடமே எனக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அதிலிருந்து ஒரு சுற்றை வைத்து எதையும் முடிவு செய்வதை நிறுத்திவிட்டேன். பத்துச் சுற்று ஆனதும் உட்கார்ந்து பார்ப்பேன். தொலைந்த பந்து, மூன்று பட், பாதியில் நின்ற சிப், இந்த மூன்று பத்திகளையும் கூட்டுவேன். பத்துக்குப் பத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரிகிறது.

கைவிட்ட இலக்கு ஒன்றும் உண்டு. டிரைவரில் 250 கஜம் அடிக்க வேண்டும் என்று இரண்டாவது ஆண்டில் பிடிவாதமாக இருந்தேன். அடித்ததெல்லாம் 200, 210. இடுப்பை வேகமாகத் திருப்பினால் தூரம் வரும் என்று ஒரு பயிற்சியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் செய்ததில் கீழ் முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் கிளப்பைத் தொடவில்லை, குனிந்து ஷூ போடக்கூட மகன் உதவினான். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற, வாரத்தில் இரண்டு காலை மட்டும் ஒதுக்க முடிகிற நாற்பத்தைந்து வயதுக்காரனின் உடம்பு அது. இலக்கை எழுதும்போது அந்த உடம்பையும் அந்த இரண்டு காலையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். இப்போது தூரத்துக்காக நான் செய்வது ஒன்றே ஒன்று: தினம் இரவு பத்து நிமிடம் இடுப்புக்கும் தொடைக்கும் நீட்டல் பயிற்சி. தூரம் கூடியதா என்று அளப்பதில்லை. முதுகு வலிக்காமல் பதினெட்டாவது குழி வரை வருகிறேன்.

தூரத்தைப் பற்றிய என் ஏக்கம் முழுதாக அடங்கியதற்கு இன்னொரு காரணம், 2021 ஆகஸ்டில் பார்த்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் கோல்ஃப் இறுதிச் சுற்று. பெங்களூருவின் அதிதி அசோக்குக்காக அன்று விடியற்காலையே எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். கோல்ஃப் என்றால் என்ன என்றே தெரியாத என் அம்மாவும் சத்தம் கேட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் களத்தில் மிகக் குறைவான தூரம் அடித்தவர்களில் அதிதி ஒருவர். மற்றவர்கள் சின்ன அயர்னை எடுக்கும் இடத்தில் அவர் கையில் நீளமான கிளப் இருக்கும். ஆனால் கிரீனுக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. பட்டர் அவர் கையில் பேசியது. 15 அண்டர் பாரில் (பாரைவிட 15 அடி குறைவாக) முடித்து, வெண்கலத்தை ஒரே ஸ்ட்ரோக்கில் தவறவிட்டு நான்காவதாக வந்தார். "பாவம்டா அந்தப் பொண்ணு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் தன்னிடம் இல்லாத தூரத்தைத் துரத்தாமல், இருக்கிற ஆட்டத்தை நான்கு நாளும் அப்படியே ஆடி உலகின் நான்காவது இடம் வரை வந்ததை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன். அப்போது புரிந்ததைவிட நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் அது அதிகம் புரிந்தது.

இந்தப் பிப்ரவரியில் நண்பர்களோடு ஊட்டிக்குப் போனோம். வென்லாக் டவுன்ஸில் ஜிம்கானா கிளப்பின் மைதானம். ஏழாயிரம் அடிக்கு மேல் உயரம், காற்று மெலிந்தது, பந்து சென்னையைவிட எட்டு சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கும். என் செவன் அயர்ன் தூரத்தை நம்பி முதல் நான்கு கிரீன்களையும் தாண்டி அடித்தேன். மேடு பள்ளமான ஃபேர்வேக்களின் (புல் வெட்டிய ஆட்டப் பாதைகளின்) இரு பக்கமும் முள்ளடர்ந்த கார்ஸ் புதர்கள். அதற்குள் போன பந்தைத் தேட மனமும் வராது, கையும் போகாது. விதியில் தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது. அன்று ஏழு பந்து போயிற்று. இரவு குளிரில் அறையில் உட்கார்ந்து நோட்டில் ஏழு என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. பக்கத்தில் "ஊட்டி, முதல் முறை" என்று சேர்த்து எழுதினேன். இரண்டு பந்து என்பது எனக்குப் பழகிய மைதானத்தில், எனக்குத் தெரிந்த காற்றில் செய்துகொண்ட ஒப்பந்தம். அதைப் புது இடத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனால் பயணத்தின் சந்தோஷமும் போய்விடும். மறுநாள் இலக்கே இல்லாமல் ஆடினேன். யூகலிப்டஸ் வாசனையும் மூடுபனியும் அவ்வளவு அருமை.

எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இப்போது ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில்தான் ஆடுகிறோம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் ஒரு டாக்டர்; 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் அவருடைய முறையில் போட்டி நடத்தினார்கள். ஹேண்டிகேப்பைக் கழித்து, பார் என்றால் இரண்டு புள்ளி, போகி என்றால் ஒன்று, அதற்கும் மேலே போனால் பூஜ்யம். ஒரு குழியில் பத்து போட்டாலும் பூஜ்யம்தான், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்குப் போகலாம். மூன்றாவது குழியில் நொறுங்கியவனுக்கும் நான்காவதில் ஒரு முழு ஆட்டம் காத்திருக்கிறது. அந்த டாக்டர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

ஆகஸ்டு முடிந்தபோது கடைசிப் பத்துச் சுற்றுகளைக் கூட்டினேன். தொலைந்த பந்து 17. மூன்று பட் 38. இலக்கான நான்குக்கு ஒரு மயிரிழை உள்ளே. பாதியில் நின்ற சிப் 41, அது அப்படியே இருக்கிறது, ஒரு அசைவும் இல்லை. மிகக் குறைந்த ஸ்கோர் 93. 90-க்குள் இன்னும் வரவில்லை.

41-ஐப் பார்த்துவிட்டுக் கோச்சிடம் போனேன். அவர், பந்தை உயரத் தூக்கும் என் வெட்ஜ் கிளப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எய்ட் அயர்னைக் கொடுத்தார். "இதுல பட் மாதிரி தள்ளுங்க சார். தூக்க வேண்டாம், உருட்டுங்க." பத்தில் ஏழு கிரீனுக்கு வந்தது. உயரமாகத் தூக்கி மெத்தென்று இறக்குவதுதான் சிப் என்று நான் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "கிரீன் ஓரத்தில் எய்ட் அயர்ன் மட்டும். பத்துச் சுற்றில் 25."

அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. நேற்று இரவு முழுக்க மழை. காலையில் மைதானத்துக்குப் போன் செய்தேன், ஃபேர்வேயில் பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் புதைகிறது, துடைத்து வைத்து ஆடலாம் என்றார்கள். இந்த நிலையில் எந்த எண்ணையும் நம்ப முடியாது. டிசம்பர் வரை ஸ்கோர் எழுதுவதில்லை என்று நோட்டில் குறித்துவிட்டு, வராந்தாவில் பாயை விரித்து, ஒரு டவலைச் சுருட்டி எதிரே போட்டு, எய்ட் அயர்னால் பந்தை உருட்டிக்கொண்டிருந்தேன். மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த மாசம் பந்து வாங்கணுமா?"

பையைத் திறந்து எண்ணினேன். பதினான்கு இருந்தது. வேண்டாம் என்றேன்.